அன்னாபிஷேகச் சோறு

கார் டிக்கியைத் திறந்ததுமே லில்லிக்குப் புளித்த வாடை அடித்தது. உள்ளே இரண்டு அண்டா. இரண்டிலும் விளிம்புவரை சோறு. முந்தின நாள் ஐப்பசிப் பௌர்ணமி. காஞ்சிபுரத்தில் முதலாளி வீட்டுத் தெருக் கோயிலில் அன்னாபிஷேகம். இந்த வருஷ உபயம் முதலாளி சிவராஜுடையது. லிங்கத்துக்குச் சாத்தி, தெருவுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சியதை அவர் மனைவி கமலவேணி கூரத்துப் பண்ணைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆறு மாட்டுக்கும் பிரிச்சு வெய்யி லில்லி. செவலைக்கு மட்டும் கூட வெய்யி. வாயும் வயிறுமா இருக்குது."

லில்லி அப்போதுதான் வயலிலிருந்து ஏறியிருந்தாள். முழங்கால்வரை சேறு. மாட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் சோறு கூடாது, மிச்சத்தைக் கோழிக்கும் குளத்து மீனுக்கும் போட்டுவிடலாம் என்றாள். கமலவேணியின் முகம் மாறியது.

"பிரசாதம்டி இது. உங்க சர்ச்சு அப்பத்த நாங்க என்னிக்காவது வேணாம்னு சொன்னமா?"

"சோறு நெறய தின்னா மாட்டு வயிறு புளிச்சிடும்மா. அது சாமி சோறா கல்யாணச் சோறான்னு வயித்துக்குத் தெரியாது."

மூன்று வருஷத்துக்கு முன் திருப்புட்குழிப் பக்கம் ஒரு பண்ணையில் மாட்டுப் பொங்கலன்று மாடு பானைப் பொங்கலைத் தின்று செத்தது. கால் நான்கையும் கட்டி அதை இழுத்துக் குழியில் தள்ளியவர்களில் லில்லியும் ஒருத்தி. அதையும் சொன்னாள். கமலவேணி கேட்டதாகத் தெரியவில்லை.

தன் பட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் சிவராஜ் லில்லியைப் பண்ணை மேனேஜர் என்பார். கமலவேணி, கூரத்துல வேல செய்யறவ என்பாள். ஏழு ஏக்கர். நான்கில் நெல், ஒன்றரையில் வேர்க்கடலை, மீதியில் தீவனப்புல். ஆறு மாடு, பதினோரு ஆடு, கொஞ்சம் கோழி. மாட்டுச் சாணம் வயலுக்கு, வயல் வைக்கோல் மாட்டுக்கு என்று சிவராஜ் அழகாக விளக்குவார். நடுவில் இரண்டையும் சுமக்கிற முதுகைப் பற்றிச் சொல்ல மாட்டார். களை எடுக்கிற நாளில்தான் ஆட்டுக்குக் கழிச்சல் வரும். கறக்கிற நேரத்தில்தான் வரப்பு உடையும். விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் லில்லிக்கு என்று இருந்தது ஒன்றுதான். செவலை வயிற்றில் இருந்த கன்று. செவலை கன்றாக இருந்தபோது எலும்பும் தோலுமாக, இறைச்சிக்கு அனுப்ப இருந்த மாடு. லில்லி புட்டியில் பால் ஊற்றி வளர்த்தாள். தேறியதைப் பார்த்த சிவராஜ், முதல் ஈத்துக் கன்று எதுவானாலும் உனக்கு என்று கொட்டகை வேலையாள் முனிரத்தினத்தை வைத்துக்கொண்டே சொன்னார். காலனியில் தன் வீட்டுப் பக்கத்தில் லில்லி நான்கு தகரம் போட்டு, முளைக்குச்சியும் அடித்துவிட்டாள். எங்க வீட்டு லட்சுமியோட கன்னு காலனிக்குப் போவுதா என்று கமலவேணி அப்போதே கேட்டிருந்தாள். லில்லி அதை மறக்கவில்லை.

பேச்சு முற்றுவதற்குள் மேலண்டை வரப்பு உடைந்துவிட்டதாக வயலிலிருந்து குரல் வந்தது. பக்கத்து நிலத்துப் பூவராகவன் தன் வயல் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். முந்தின நாள்தான் யூரியா போட்டிருந்தார்கள். அத்தனையும் கரைந்து ஓடிவிடும். லில்லி மண்வெட்டியை எடுத்தாள். போகும்போது முனிரத்தினத்திடம், ஒரு கைப்பிடிதான், செவலைக்கு அதுகூட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். முனிரத்தினம் தலையாட்டினான். தன்னைவிட இருபது வயது குறைந்த பெண்பிள்ளை சொல்கிற எல்லாவற்றுக்கும் அவன் அப்படித்தான் ஆட்டுவான்.

பூவராகவனோடு சண்டை போட்டு, மண் வெட்டிப் போட்டு வரப்பை அடைத்துத் திரும்ப இரண்டு மணி நேரமானது. கார் போயிருந்தது. அண்டாக்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. கோழி தின்றுவிட்டது என்றான் முனிரத்தினம். பத்துப் பதினைந்து கோழி இரண்டு அண்டாச் சோறு தின்னுமா என்று கேட்டாள். அவன் பீடி பற்றவைத்தான். தீவனத் தொட்டி பளிச்சென்று கழுவியிருந்தது. இத்தனை வருஷத்தில் முனிரத்தினம் தானாகத் தொட்டி கழுவி லில்லி பார்த்ததில்லை.

மாலை ஐந்து மணிக்குச் செவலை அசைபோடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இடது வயிறு உப்பியிருந்தது. கையால் குத்தினால் உள்ளே குடத்துத் தண்ணீர் மாதிரி அலம்பியது. கால்நடை டாக்டர் சிவபாலனுக்குப் போன் போட்டாள். என்ன தின்றது என்பதுதான் அவர் முதல் கேள்வி. முனிரத்தினம் போனை வாங்கி, வைக்கோலும் தவிடும்தான் சார் என்றான். கமலவேணியைப் போனில் கேட்டதற்கு, ஒரு கைப்பிடி பிரசாதம் கொடுத்தோம், அதில் ஒன்றும் வராது என்றாள். மூன்றாவது போனில் டாக்டர், கன்று போட ஒரு மாதமே இருப்பதால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், வந்து ஊசி போடுகிறேன் என்றார்.

லில்லி தொட்டி கழுவின தண்ணீர் ஓடுகிற கால்வாயோடு நடந்தாள். அது தீவனப்புல்லில் போய் முடிகிற இடத்தில் காக்கைகள் மொய்த்திருந்தன. விரட்டினாள். சோறு. பருக்கை பருக்கையாக, ஒரு கூடை தேறும். தொட்டியில் ஒட்டியதே இவ்வளவு என்றால் வயிற்றுக்குள் போனது எவ்வளவு. ஒரு கை அள்ளி வந்து முனிரத்தினத்தின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்ன?"

அவன் திரும்பித் தவிட்டு மூட்டையைக் கட்டப் போனான். லில்லி டாக்டருக்கு மறுபடி போன் செய்து, கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவர் கத்தினார். தான் வருவதற்குள் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். லில்லி கூரத்துக் கடை இரண்டிலும் இருந்த சோடாப் பொட்டலங்களை எல்லாம் வாங்கி வந்து கரைத்து, பிராந்தி பாட்டிலில் ஊற்றிச் செவலையின் கடைவாயில் செருகினாள். பாதி உள்ளே போனது. பாதி அவள் மேல். டாக்டர் வந்து ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். மாடு பிழைத்தாலும் பிழைக்கும், கன்றைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார். சோறு தின்று வயிறு புளித்தது என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். மற்ற ஐந்தும் கழிந்துகொண்டிருந்தன. ஆனால் படுக்காமல் நின்றன.

விடியும் நேரத்தில் செவலை கன்றைத் தள்ளியது. கிடேரி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மூச்சில்லை. லில்லி அதன் மூக்கைத் துடைத்து ஊதிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கறவையை முடித்து, பாலை சொசைட்டி வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, குழி தோண்டினாள். முனிரத்தினம் மண்வெட்டியைக் கேட்டான். கொடுக்கவில்லை.

நான்காம் நாள் காலை சிவராஜும் கமலவேணியும் வந்தார்கள். செவலை எழுந்து நின்றது, ஆனால் வயிற்றுப் புளிப்பு குளம்புவரை இறங்கிய வலியில் காலை மாற்றி மாற்றி வைத்தது. கமலவேணி மாட்டுக்கொட்டகைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"பிரசாதத்தத் தின்னா வயிறு புளிச்சிடும்னு சொன்னா இல்ல, அதான் சாமி காட்டிடுச்சு. நான் மாட்டுக்கொரு கைப்பிடிதான் வெக்கச் சொன்னேன். இந்த ஆளுதான் அள்ளிக் கொட்டிட்டான்."

முனிரத்தினம் பீடியைக் கீழே போட்டான். அதுவரை அவள் பக்கம் நின்றவன்.

"ஏம்மா, நான் கொட்டுனனா? அவ வரதுக்குள்ள வெச்சு முடின்னு நீதான தல மேல நின்னுக்கினு இருந்த. தொட்டியக் கழுவுன்னு சொன்னதும் நீதான. இப்ப எம்மேல தள்ற?"

கமலவேணி அவனை வேலையை விட்டுப் போகச் சொன்னாள். சம்பந்தமில்லாமல் அவன் மருமகனைப் பற்றி ஏதோ சொன்னாள். அவனும் விடவில்லை. சிவராஜ் இருவரையும் அடக்கி, லில்லியிடம் வந்தார். நடந்தது நடந்துவிட்டது, அடுத்த ஈத்துக் கன்றை எடுத்துக்கொள் என்றார். பாவில் இழை அறுந்தால் முடிந்துகொண்டு நெய்வதில்லையா என்றும் சொன்னார். அவருக்கு எல்லாமே தறிதான்.

லில்லி கட்டுத்தறியிலிருந்து செவலையின் கயிற்றை அவிழ்த்தாள்.

"பேச்சு கன்னுக்கு. கன்னு குழியில இருக்குது. நான் இத ஓட்டிக்கினு போறன்."

"ஏய், அது எங்க மாடுடி. போலீசுக்குப் போவேன்," என்றாள் கமலவேணி.

"போங்க. இன்னா தீனி வெச்சீங்கன்னும் சேத்து எழுதிக் குடுங்க. டாக்டரு சீட்டு எங்கிட்ட இருக்குது."

கேட்டைச் சாத்தச் சொல்லிக் கமலவேணி முனிரத்தினத்தைப் பார்த்தாள். அவன் அடுத்த பீடியைத் தேடிக்கொண்டிருந்தான். சிவராஜ் வயல் பக்கம் பார்த்தார். கதிர் பிடிக்கிற பயிர். வேர்க்கடலை பிடுங்குகிற நாளும் பக்கத்தில் இருந்தது. கூலிக்கு ஆள் கூப்பிட அவருக்கு ஒரு வீடுகூடத் தெரியாது.

"சரி, ஓட்டிக்கினு போ. வேலைக்கு மட்டும் வந்துடு லில்லி," என்றார்.

செவலை நொண்டி நொண்டி நடந்தது. அதன் நடைக்கு லில்லியும் மெதுவாக நடந்தாள். காரை ஒட்டிப் போகும்போது மாடு நின்று, டயர் பக்கம் கழிந்தது. கமலவேணி புடவையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கேட்டைத் தாண்டியபின் லில்லி திரும்பாமலே சொன்னாள்.

"மூணு மணிக்குக் கறக்கணும். அஞ்சுல மூணு கறவை. நேரம் தப்புனா மடி கட்டிக்கும்."

"நீ வரமாட்டியா?" என்றார் சிவராஜ்.

அவள் மாட்டைக் காலனிப் பாதையில் திருப்பினாள்.