நேர்வழி

மோடத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அவள் படித்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்த போனில் அண்ணன் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தான். கணினி இருப்பது அவள் முன்னால், அடிக்கப்போவதும் அவள்தான். அவனுக்கு எதற்கு அது என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

கணினிக்கு இடம் செய்ய மேசையிலிருந்த தாடைகளை ஓரமாக நகர்த்தியிருந்தாள். இரண்டு பல் மருத்துவமனைகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். பிளாஸ்டர் அச்சுகளும் மெழுகும் சின்ன ராவுகத்திகளுமாக நிறைந்திருக்கும் இந்த அறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே ஒரு கதவுதான். அதை அவள் சாத்துவதேயில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் அப்பாவின் வலது பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனது. மிஞ்சியது ஒரு “ம்”தான். பசியா, வலியா, கோபமா என்பதை அந்த ஒரே எழுத்தின் நீளத்தை வைத்து அவள் கண்டுபிடிப்பாள்.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆள் ஏணியோடு வந்து நின்றான். அண்ணன் அனுப்பியதாகச் சொன்னான். அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், மேலே, ஒரு கேமராவை மாட்டினான். படம் பதிவாகும் பெட்டியை மோடத்தோடு இணைத்தான். மீதியை அண்ணன் போனில் சொல்லுவார் என்று கைதுடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விமானத்தில் ஆறு மணி நேரத் தொலைவில், பெரிய கிடங்கு ஒன்றில் அண்ணன் காவல் பிரிவுக்குப் பொறுப்பாளன். நாற்பது திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பது வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிற மனுஷன் என்று அண்ணி கேலி செய்வாள். கேமரா கம்பெனியின் செயலியைக்கூட அவன் நம்பவில்லை. அதன் வழியாகப் போனால் படம் எவனுடைய கணினியிலோ ஏறி இறங்கித்தான் வருமாம். வெளியிலிருந்து நேராக அந்தப் பெட்டிக்குப் போக மோடத்தில் ஒரு வழி திறக்க வேண்டும், அதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பேர் என்றான். புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்வதை மட்டும் அடித்தால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

புரியாமல் என்ன? அவளுக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்குத் திடீரென்று அப்பாவை நாள் முழுக்கப் பார்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது? இரண்டு வாரத்துக்கு முன்பு வீடியோ அழைப்பில் அண்ணிதான் முதலில் கவனித்தாள். அப்பாவின் இடது மணிக்கட்டுக்கு மேலே நீலமாகக் கன்றிப்போயிருந்த தடத்தைக் காட்டி, அதென்ன என்று கேட்டாள். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டார் என்று இவள் சொன்னாள். அண்ணி சரி என்றாள். அந்தச் “சரி”யில் ஏதோ ஒன்று சரியாக இல்லை. அன்றிலிருந்து அண்ணன் அழைக்கும்போதெல்லாம் அப்பாவின் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்கிறான், விரல் அசைகிறதா பார்க்கலாம் என்று. அசையாத கை வலது. அவன் பார்க்கக் கேட்பது இடது.

திரையில் மோடத்தின் பக்கம் திறந்தது. எங்கெங்கோ மறைந்திருந்த பட்டியலைத் தேடிப் பிடித்தாள். பதிவுப் பெட்டியின் முகவரியை அவன் எண் எண்ணாகச் சொன்னான். வெளிப் போர்ட் எட்டாயிரம், உள் போர்ட்டும் எட்டாயிரம். அடித்தாள்.

“வழி தொறந்துட்டா நான் மட்டுமில்ல, போறவன் வர்றவன்கூடக் கதவத் தட்டிப் பாப்பான். அதனால அந்தப் பெட்டிக்கு நேத்து வந்த ஆள வெச்சே கெட்டியா ஒரு பாஸ்வேர்ட் போட்டுட்டேன்” என்றான் அண்ணன்.

“எனக்கு அதச் சொல்ல மாட்டியா?”

“உனக்கெதுக்கு பாப்பா? நீதான் நேர்லயே இருக்கியே.”

நாற்பத்து நான்கு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். அதைக் கேட்டால் வழக்கமாக மனசு இளகும். இன்று இளகவில்லை. இனி சேவ் பட்டன் ஒன்றுதான் பாக்கி. அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவள் மடியில் கனம் இருந்தது.

அந்தத் தடம் விழுந்த அன்று காலை மூன்று முறை மாத்திரையைத் துப்பினார் அப்பா. மருத்துவமனையில் நோயாளி காத்திருப்பதாக இரண்டு போன் வந்துவிட்டது. பல்செட் இன்னும் மெருகேறவில்லை. நான்காவது முறை அவர் இடது கையால் தண்ணீரைத் தட்டிவிட்டபோது அந்தக் கையைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்று இன்றுவரை தெரியாது. அவர் “ம்” என்றுகூடச் சொல்லவில்லை. விட்ட பிறகுதான் தன் விரல்கள் வலிப்பதை உணர்ந்தாள்.

“என்ன ஆச்சு? லைன்ல இருக்கியா?”

“அப்பா கையில இருந்த தடத்துக்காகத்தானே இந்தக் கேமரா?”

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் ஒரு வண்டி பின்னால் நகரும் ஒலியும் கேட்டன. அண்ணன் இருமினான். பிறகு, பகலில் அவள் மருத்துவமனைக்குப் போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் வேலைக்கார அம்மாவின் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றான். சொன்ன வேகத்திலேயே அது இப்போதுதான் தயாரானது என்று தெரிந்தது.

“அந்தம்மா பாவம். நான்தான் பிடிச்சேன். மாத்திரை சாப்பிட மாட்டேன்னாரு, பிடிச்சேன். கட்டில் கம்பின்னு சொன்னது பொய்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு எட்டு மாதத்தையும் அவன் மேல் கொட்டியிருப்பாள். வாசகங்கள்கூடத் தயாராக இருந்தன. மறுமுனையில் நாற்காலி கிரீச்சிடும் ஒலிதான் வந்தது. தெரிந்துதான் இருந்தானா, தெரியாமல் கேட்டு அதிர்ந்தானா என்பதை அதிலிருந்து பிரிக்க முடியவில்லை.

“சேவ் பண்ணவா வேண்டாமா?” என்று அவளே கேட்டாள்.

“பண்ணு” என்றான்.

அழுத்தினாள். மோடத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. அதற்குள் போனை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய்க் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா விழித்திருந்தார். போர்வை விலகியிருந்தது. இழுத்துவிடக் கை நீட்டியவள், இதை எப்போதும் செய்வாளா, இப்போதுதான் செய்கிறாளா என்று குழம்பி, பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்துருச்சு” என்றான் அண்ணன். “இவ்வளவு மெலிஞ்சுட்டாரா?”

வீடியோ அழைப்பில் அவன் பார்த்ததெல்லாம் முகமும் கையும்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

“கொஞ்சம் தள்ளிக்கோ பாப்பா. உன் தலை மறைக்குது.”

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். இன்னும் கொஞ்சம் என்றான். இழுத்தாள். படம் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து அலமாரியை ஒட்டி நகர்ந்து, மூலைச் சுவரில் முதுகு படும்வரை போனாள்.

“இப்ப?”

“அப்பா நல்லா தெரியறாரு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நீயும் தெரியுற.”

தலையணையில் அப்பாவின் தலை மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் அவள் நின்ற மூலையைத் தேடி வந்தன.