பிரேக் மாட்டிய சதுர்த்தசி

ஜெயபால் நயினாருக்குக் காரை விற்றாக வேண்டும். அவர் மனைவி சுனந்தாவுக்கு அதை ஓட்டியாக வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே கார், அதற்கும் பிரேக் இல்லை.

கார் சுனந்தாவின் அப்பா மல்லிநாதனுடையது. "பதினெட்டு முடியட்டும், ஓட்டக் கத்துத் தரேன்" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார். எண்பத்தைந்தாம் வருஷம் அவர் கண்ணை மூட, கார் மகளுக்கு வந்தது. போளூர் பக்கம் இருக்கிற திருமலை ஜைனக் கோயிலுக்கு அதைத் தானே ஓட்டிக்கொண்டு போகணும் என்று அவள் அன்றே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

நயினார் கணக்கு வாத்தியார். உடைமையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று விரதம் எடுத்தவர். குறைக்கிறவர் தன் சைக்கிளிலா கை வைப்பார்? மாமனார் காரில் வைத்தார். "பொம்பளை கார் ஓட்டி இந்தத் தெருவுல எவன் பாத்தான்?" என்று அவள் வாயையும் அடைத்துவிட்டார். போளூர் அரிசி மில் முருகையன் பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும்போது காரைப் பார்ப்பதாக ஏற்பாடு.

பிரேக் இல்லாத காரை விற்று யாராவது செத்தால் அந்தப் பாவம் யாருக்கு? அதனால் விற்பதற்கு முன் பிரேக் மாற்றியாக வேண்டும். மெக்கானிக் எதைப் போடுவானோ, நாமே போட்டுவிடுவோம் என்று தீர்மானித்தார். லீவு கிடைத்தது பௌர்ணமிக்கு முந்தின நாள். அது சதுர்த்தசி. அன்று அவருக்கு உபவாசம். விடிந்ததிலிருந்து மறுநாள் விடிகிறவரை மௌனம் வேறு. பிரேக் மாட்ட வாய் எதற்கு என்று நினைத்துவிட்டார், பாவம்.

காலையில் காருக்கு அடியில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிறவரை ஸ்பேனரும் கையுமாகக் குந்தியிருந்தார். பிறகு பூந்துடைப்பத்தால் தரையைக் கூட்டி, ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் ஷூவை எடுத்துவிட்டுப் புதிசு மாட்டினார். ஒரு ஸ்பிரிங் எகிறி வந்து மூக்கில் அடித்தது. மனுஷன் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை.

நாலு சக்கரமும் ஆனதும் ஆயில் ஊற்றி, குழாயில் அடைத்துக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் மேலே பெடலை மிதிக்கணும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூடணும். நயினார் மனைவியைக் கூப்பிட்டு ஓட்டுகிற ஸீட்டைக் காட்டினார். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மிதி, இரண்டு தட்டினால் விடு என்று சைகையில் விளக்கினார்.

சுனந்தா அந்த ஸீட்டில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. உட்கார வைத்ததே தான்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. முதல் மிதிக்குப் பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி பொசுக்கென்று போய்விட்டது. மிதிக்க மிதிக்கக் கெட்டிப்பட்டு அவள் காலைத் தாங்கியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏங்க, இந்தக் காரை நான் குடுக்க மாட்டேன்."

கீழேயிருந்து இரண்டு தட்டு. விட்டாள்.

"எங்கப்பா கத்துத் தரேன்னு சொல்லித் தராமப் போனது இது ஒண்ணுதான். வெளையாட்டுக்குச் சொல்லல, எனக்கு ஓட்டணும்."

ஒரு தட்டு. மிதித்தாள்.

"தெருவுல பாப்பாங்க, சிரிப்பாங்க. ரெண்டு நாள் சிரிச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க."

கடைசிச் சக்கரம் முடிகிறவரை பேசினாள். கல்யாணமான நாளாக நயினார் அவள் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் கார் அடியிலிருந்து வெளியே வரவும் வாசலில் முருகையன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"நாளைக்குக் கும்பல் ஜாஸ்தியாயிடும், அதான் இன்னிக்கே வந்துட்டேன் நயினாரே."

மூஞ்சியெல்லாம் ஆயிலாக இருந்த நயினார் கும்பிட்டார். தன் வாயைக் காட்டினார், மனைவியைக் காட்டினார்.

"அவருக்கு மௌன விரதங்க. நாளைக்கு விடிஞ்சாத்தான் பேசுவாரு. என்னைச் சொல்லச் சொல்றாரு" என்றாள் சுனந்தா.

பொய் சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் பொது விரதம். சுனந்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி எப்படிம்மா?"

"போன மழைக்கு உள்ள ஒழுகுச்சுங்க."

"பிரேக்கு?"

"புதுசு. இப்பத்தான் மாட்டினாரு."

"யாரு, மெக்கானிக்கா?"

"இவருதாங்க."

முருகையன் நயினாரை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி மாட்டியிருக்காரா?"

"சைக்கிளுக்கு மாட்டியிருக்காரு."

நயினார் சக்கரத்தைக் காட்டி, உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார்.

"இன்னா சொல்றாரு?"

"நிக்கும்னு சொல்றாரு."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

முருகையன் குனிந்து தரையில் கிடந்த ஸ்பிரிங்கை எடுத்தார். "இது எங்க மாட்டுறதும்மா?"

"தெரியலீங்களே" என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அது கழற்றிப் போட்ட பழையது. தெரிந்த ஒரே ஆள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

முருகையன் ஸ்பிரிங்கைப் பத்திரமாகப் பானெட் மேல் வைத்தார். "மலை சுத்திட்டு நாளைக்கு வந்து சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

நயினார் மனைவியை முறைத்தார். "ஒரு பொய் சொன்னேனா?" என்றாள். வாத்தியார் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

ராத்திரி சுனந்தா படுத்தபடி கணக்குப் போட்டாள். விடிந்தால் இவருக்கு வாய் வந்துவிடும். முருகையன் ஊரில்தான் இருக்கிறார். நாலு வார்த்தை போதும், கார் போளூருக்குப் போய்விடும்.

மறுநாள் விடிந்ததும் நயினார் குளித்து, ஜெபம் முடித்து, கஞ்சி குடித்துவிட்டு வாசலுக்கு வந்தார். சுனந்தா காரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் பானெட் மேலிருந்ததைக் கையில் எடுத்தார்.

"இது பழைய ஸ்பிரிங்கு" என்றார். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்தது.

"சரிங்க."

"நேத்து நீ பேசினது பூரா கேட்டேன்."

அவள் முந்தானையால் பானெட்டைத் துடைத்தாள்.

"முருகையன் வந்தா வண்டி குடுக்கறதுக்கு இல்லன்னு சொல்லிடு." ஸ்பிரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு. நேத்து நீ மிதிச்சது நடுவுல இருக்கறது. இடது பக்கம் கிளட்சு."

சுனந்தாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. அப்படியே ஏறி உட்கார்ந்தாள். நயினார் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அப்போதுதான் இந்தப் பிரேக்கை மாட்டியது யார் என்பது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, முடித்த ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.