திருவேங்கடத்தின் கல்யாணப் பத்திரிகை

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே, பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் பக்தவத்சலத்தின் டி.டி.பி. கடை. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் தட்டுகிறவளும் ஒருத்தி, வனஜா. அன்றைக்குச் சேக்காட்டிலிருந்து அவள் பஸ் பிடித்து வருவதற்குள், அவளுடைய நாற்காலியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் சம்பத் உட்கார்ந்திருந்தான். புது விண்டோஸ் போட நாளைக்கு வருகிறேன் என்று சொன்னவன், இன்றைக்கே வந்துவிட்டான். உள்ளே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் போட முடியும், வேண்டியதை மட்டும் ஃப்ளாப்பியில் எடுத்து வைக்கலாம் என்றான்.

வனஜா பையை இறக்காமலே திரையை எட்டிப் பார்த்தாள். அவளுடைய கதையும் அதற்குள்தான் இருந்தது.

புருஷன் வீட்டை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருக்கிறவளுக்கு, உட்கார்ந்து எழுத ஒரு மூலை ஏது? நோட்டில் எழுதினால் அண்ணி படிப்பாள். அண்ணி படித்தால் சேக்காடே படித்த மாதிரி. அதனால் வேலையில்லாத மத்தியானங்களில் கதையை நேரே கம்ப்யூட்டரிலேயே தட்டி வந்தாள். ஒரு வருஷத்துக் கதை. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. ராணி என்றொருத்தி விடியற்காலையில் மாமியார் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிறாள். கடைசியில் என்ன ஆகிறாள் என்பது எழுதுகிறவளுக்கே தெரியாது. முதலாளி கண்ணில் படக்கூடாதே என்று ‘திருவேங்கடம் கல்யாணப் பத்திரிகை’ என அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அப்படியொரு திருவேங்கடம் கிடையவே கிடையாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம்.

பக்தவத்சலம் விவரமான ஆள். தமிழ் ஃபான்ட்டை மறக்காமல் எடுத்து வை, அது போனால் மிச்சமெல்லாம் கோழி கிளறின மாதிரிதான் தெரியும் என்று சம்பத்திடம் சொன்னார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். தீமிதி நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், டைல்ஸ் கடை பில், யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. திருவேங்கடம் மட்டும் வரவில்லை.

வாடிக்கையாளர் இன்னும் பிரதி கேட்டிருக்கிறார் என்று புளுகலாம். ஆனால் பூந்தமல்லியில் இவருக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம் நடக்குமா? உண்மையைச் சொன்னால், என் கரண்டில் உன் கதையா என்று வேலையை விட்டே அனுப்பிவிடலாம். வேலை போனால் அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

“அவ்ளோதானே சார்? துடைச்சுடட்டுமா?” என்றான் சம்பத்.

“துடைக்காதீங்க.” வனஜாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “அந்தத் திருவேங்கடம் ஃபைல் பத்திரிகை இல்ல. அது என்னுது. நான் எழுதுற கதை.”

சம்பத் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். அதைத்தான் முதலில் எடுத்தோமே என்றான். ஒரு ஃப்ளாப்பி கெட்டுப்போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று, வந்து உட்கார்ந்ததுமே இரண்டில் எடுக்கச் சொல்லிவிட்டாராம் முதலாளி.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம்தான். “படிச்சீங்களா சார்?”

பக்தவத்சலம் பிடரியைச் சொறிந்தார். “இன்னா பண்றது? கல்யாணப் பத்திரிகை மாசக்கணக்கா வளந்துகினே போச்சு. யார் ஊட்டுக் கல்யாணம் இதுன்னு தொறந்தேன். அப்பால வுட முடியல. கேக்காம படிச்சது தப்புதான்.”

அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜையில் நேராகவே இருந்த காகிதக் கட்டை மறுபடி தட்டி நேராக்கினார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பொண்ணு திரும்பி அந்த ஊட்டுக்குப் போவுதா, இல்லியா?”

“போகமாட்டா சார்,” என்றாள் வனஜா.

சொன்ன பிறகு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷமாக எழுத வராத வரி அது. அண்ணனிடம் சொல்லத் துணிவு வராத வரியும் அதுதான்.