கண்மாய்க்குள் போகும் பாதை

பாடையைத் தூக்கக் குனிந்த அய்யப்பனின் தோளில் கை வைத்து நிறுத்தினான் தங்கப்பாண்டி.

"மாப்ள, நீங்க விடுங்க. தூக்க ஆளு இருக்கு."

குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. சத்யப்பிரியாவுக்கும் கேட்டது. பாடையில் கிடப்பது அவள் அய்யா வீரபத்திரன். நிறுத்தியவன் அண்ணன். நிறுத்தப்பட்டவன் புருஷன்.

அய்யப்பன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவனோ, சுடுகாட்டில் குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பதால் போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டான். சித்தப்பா மகன் சின்னக்கருப்பன் பக்கத்தில் நின்றவனிடம், "போனைக் குடுத்துட்டாரே, இனி சுடுகாட்டுக்கு எப்படி வழி கண்டுபிடிப்பாரு" என்றான். யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அய்யாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது வீட்டில் அவளும் அம்மாவும்தான் இருந்தார்கள். தங்கப்பாண்டி ராமநாதபுரம் போயிருந்தான். வாசலில் அய்யப்பனின் லோடு வண்டி நின்றது. அவளைக் கூட்டிப்போக வந்தவன் உள்ளே வராமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். தொண்டிப் பக்கத்தில் இருந்த தன் வயலை அவன் இறால் பண்ணைக்கு விட்டதிலிருந்து மாமனாரும் மருமகனும் பேசுவதில்லை. அடுத்தவன் காட்டையும் சேர்த்து உப்பாக்குகிறவன் என்று அய்யா ஊர்க் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்.

வண்டியில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அய்யாவை அங்கே உட்கார வைத்தார்கள். பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப் போகும் வண்டி அது. காட்டுப் பாதைகளில் சிக்னல் கிடைக்காது என்பதால் அய்யப்பன் அந்த வட்டாரம் முழுவதற்கும் மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருப்பான். கிளம்பும்போது அதைத்தான் பார்த்தான். அவள் அண்ணனின் ஸ்கூட்டியில் தார்ச்சாலை வழியாகச் சுற்றிப் போனாள். திருவாடானை ஆஸ்பத்திரி வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவள்தான். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வண்டி வந்தபோது இருட்டியிருந்தது. டாக்டர் அய்யாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

"கண்மாய்க்குள்ள தண்ணி கெடந்துச்சு. திரும்பி வந்தேன்."

அய்யப்பன் சொன்னது அவ்வளவுதான். கேட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னான். அதுதான் அவளை உறுத்தியது. அய்யாவின் வேட்டி தொடைவரை நனைந்திருந்தது. உயிர் பிரியும்போது சிறுநீர் போவது வழக்கம் என்று நர்ஸ் சொன்னதை அப்போது நம்பினாள்.

தங்கப்பாண்டி விடியும்வரை ஒன்றையே கேட்டான். கண்மாய் நிறைந்தது ஊருக்கே தெரியும், இவனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊரைக் கூட்டி அந்தப் போனை வாங்கிப் பார்க்கப் போவதாகச் சொன்னான். பிறகு தங்கையிடம் திரும்பினான்.

"வேணும்னே நிறுத்தி வச்சிருந்தான்னு தெரிஞ்சா, அப்புறம் நீ எங்கன இருக்கணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

சங்குச் சத்தம் தேய்ந்ததும் பெண்கள் குளிக்கக் கிளம்பினார்கள். அம்மா நாகலெட்சுமி, மகள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"வண்டி போன தடத்த அது காட்டுமாமுல்ல?"

"காட்டும்."

"போயிப் பாத்துட்டு வா. கேட்டா, குளிக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்."

ஸ்கூட்டியில் ஊர் எல்லை தாண்டியதும் சிக்னல் போனது. மேப் போகவில்லை. நேற்று வண்டி போன தடம் நீலக் கோடாகக் கிடந்தது. அதன் மேல் அவள் இருக்கும் இடம் ஒரு புள்ளியாக ஊர்ந்தது. கருவேலங்காட்டுக்குள் வளைந்து போன கோடு, கண்மாய்க் கரையில் ஏறி உள்ளே இறங்கியது. திரையில் கண்மாய் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. எப்போதோ ஒரு கோடையில் மேலிருந்து எடுத்த படம். அதன் நடுவே டிராக்டர்களும் பைக்குகளும் போட்ட தடம் எதிர்க்கரைவரை தெளிவாகத் தெரிந்தது. மழை பொய்த்த வருஷங்களில் ஊரே அந்த வழியில்தான் திருவாடானைக்குப் போய்வந்தது. அய்யப்பனுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளும் போயிருக்கிறாள்.

சரிவில் இறங்கிய பிறகுதான் மரங்கள் விலகித் தண்ணீர் தெரிந்தது. இந்தப் பக்கம் பெரிய மழை இல்லை. மேற்கே பெய்தது வரத்துக்கால் வாய்க்காலில் வந்து ஒரு வாரத்துக்குள் கண்மாயை நிறைத்திருந்தது. ஊருக்குள் வந்துபோகிறவர்களுக்குத்தான் தெரியும்; அய்யப்பன் வாசலோடு திரும்புகிறவன்.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நடந்தாள். சக்கரத் தடம் இரண்டும் நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தன. பின்சக்கரங்கள் சுழன்று தோண்டிய பள்ளத்தில் கருவேலங்கிளைகள் நசுங்கிக் கிடந்தன. சேறு வெகுதூரம் தெறித்துக் காய்ந்திருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. நிறுத்தி வைக்கவில்லை. மாட்டிக்கொண்டிருக்கிறான்.

திரும்பப் போனவள் நின்றாள்.

இரண்டு தடங்களுக்கும் நடுவே, தண்ணீர் விளிம்பில், வெறுங்கால் பதிவுகள். குதிகால் தண்ணீர்ப் பக்கம், விரல்கள் கரைப் பக்கம். விரல்கள் ஆழமாக ஊன்றியிருந்தன. முன்னால் நின்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளியவரின் கால். சக்கரம் இப்படிச் சுழன்றிருக்கிறது என்றால் ஒருவர் ஓட்டும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். தள்ளியது மற்றவர். ஆடு மேய்க்கிற யாராவது உதவிக்கு வந்திருக்கலாம் என்று சுற்றிலும் தேடினாள். கரையிலிருந்து இறங்கி வந்த காலடி எதுவும் இல்லை.

வண்டியில் இருந்தது இரண்டு பேர்தான். அய்யாவுக்கு ஓட்டத் தெரியாது.

அவராக இறங்கினாரா? இறங்குகிறவர்தான். அடுத்தவர் மாட்டுவண்டி சேற்றில் நின்றாலே வேட்டியை மடித்துக் கட்டுகிறவர். அல்லது இறங்கச் சொன்னானா? கண்மாய் நிறைந்தது தெரிந்தும் அய்யா வழியில் ஏன் சொல்லவில்லை? பேசாமலிருந்த அத்தனை நாளுக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் அங்கே என்னதான் பேசினார்கள்? போனில் அதற்குக் கோடு இல்லை. முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, வண்டியின் முன்பக்கம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது, வாசலில் அவள்தான் செம்போடு நின்று ஒவ்வொருவர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். தங்கப்பாண்டி காலை நீட்டாமல் கையை நீட்டினான்.

"போனைக் குடு."

கொடுத்தாள். "அங்கனதான் போயிட்டு வாரேன். வண்டி சேத்துல மாட்டியிருக்குண்ணே. பள்ளம் அப்படியே கெடக்கு. யாரும் வேணும்னு நிறுத்தல."

"நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

"வேறென்ன பாத்த?"

கடைசியில் நின்ற அய்யப்பன் தலை தூக்கினான். அவன் பார்வை அவள் சேலை விளிம்பில் காயாமலிருந்த சேற்றில் நின்றது.

"வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

தங்கப்பாண்டி போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். திறந்து பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் கழுவி உள்ளே போனான். மற்றவர்களும் போனார்கள். வாசலில் அய்யப்பன் மட்டும் மிஞ்சினான்.

"சத்யா, அங்கன மாமா வந்து..."

"காலைக் காட்டுங்க."

அவன் ஒரு காலை முன்னால் வைத்தான். சுடுகாட்டுக் குளியலில் ஏற்கெனவே சுத்தமாகியிருந்த கால். அவள் ஊற்றினாள். மறு காலையும் வைத்தான். செம்பில் தண்ணீர் தீர்ந்தது. அவள் அதைச் சாய்த்தபடியே நின்றாள். அவனும் காலை எடுக்கவில்லை.