உறைபனி நீங்கக் காத்திருந்த பாலக் நாற்றுகள்

2026 பிப்ரவரி 21, சனிக்கிழமை. தங்கச்சிமடம். வானம் தெளிவு, காலை பத்து மணிக்கே மணல் சுட்டது.

1

வாசகரே, இக்கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை எழுதியவள், ஐம்பத்திரண்டாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேறிய யாகப்பம்மாளாகிய நான்.

முதல் தொடக்கம்: ‘கொடைக்கானலில் பிறந்த என் மருமகள் ஜாஸ்லின், எங்கள் தீவின் வெயிலை அறியாதவளாய், நாற்றுகளை உரிய காலத்தில் நடாமல்...’

(முடிக்க இயலவில்லை. இலக்கணம் சரி, செய்தி தவறு.)

2

பாலக், குளிரை விரும்பும் கீரை. புனித வெள்ளியான பெரிய வெள்ளியன்று மாதா கோயிலில் ஊற்றும் கஞ்சியுடன் கீரைக்கூட்டு தருவதாக, எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்தில் ஜாஸ்லின் வாக்களித்தாள். மீன் ஏற்றும் தெர்மாக்கோல் பெட்டிகளில் நாற்றும் வளர்த்தாள். தை நடுவில் சொன்னாள்:

“அத்தே, இப்பவே வெளிய நட்டுருவோம். வேர் பிடிச்சுட்டா வெயிலைத் தாங்கும்.”

நான் விதைப்பையின் பின்புறத்தை உரக்க வாசித்தேன்: “உறைபனி நீங்கிய பின், வசந்தத்தில் வெளியில் நடுக.”

“இங்கன எங்க அத்தே உறைபனி?”

“அச்சுல போட்டிருக்குல்ல?”*

* கடலோரத்தில் உறைபனி விழுவதில்லை. விழாத ஒன்று நீங்குவதற்கு மூன்று வாரம் காத்திருக்க வைத்தேன்.

3

இன்று காலை அன்பியத் தலைவர் சவேரியார் வாடிய பெட்டிகளைப் பார்த்தார்.

“மலைக்காரப் புள்ள கைவச்சா பச்சைப்பசேல்னு வரும்னாக! பேசாம கூட்டுக்கு முருங்கைக்கீரைக்குச் சொல்லிருவோமா?”

ஜாஸ்லின் என்னைப் பார்த்தாள். நான் விதைப்பையை மடித்து இடுப்பில் செருகினேன்.

மாற்று முடிவு அ: திடீரென மழை. (மாசியிலா? நீக்கப்பட்டது.)

மாற்று முடிவு ஆ: சவேரியார் மனம் திருந்தி... (திருந்த வேண்டியவர் அவரல்லர்.)

4

நடந்தது இதுவே. நான்கு மணிக்குச் சவேரியார் வீட்டுக்குப் போனேன்.

“அவ அப்பவே நடச் சொன்னா. நாந்தான் தடுத்தேன்.”

“ஏன் மதினி?”

“படிச்ச திமிரு.”

“அப்ப மம்பட்டியும் மதினிதான் பிடிக்கணும்!”

“பிடிக்கிறேன். முருங்கைக்குச் சொல்லிராதீக.”

வெயில் தாழ்ந்தபின் ஜாஸ்லினும் நானும் நட்டோம். பழைய வலையைக் கட்டி, மேலே தென்னங்கீற்று பரப்பினோம். எண்பது நாற்றில் தேறியவை முப்பத்தொன்று.

“மெல்ல அத்தே! பரீட்சைத்தாள்ல பேனாவ அழுத்துற மாதிரி அழுத்துறீக.”

5

பெரிய வெள்ளிக்கு நாற்பத்தொரு நாள் உள்ளது. கூட்டு பரிமாறப்படுமா என எழுத மாட்டேன், எனக்கே தெரியாது. அம்முடிவு உங்களுடையது. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: இலை வராவிடில், அன்பியத்தில் எழுந்து பதில் சொல்பவள் ஜாஸ்லின் அல்லள், யாகப்பம்மாள்.

கடைசி நாற்று மண்ணில் இறங்கிய நேரம், மாலை 6.47.