கொதியில் கொட்டிய பெஸ்டோ

ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் கப்பலாகப் படகில் போய்ச் சூடான மினெஸ்த்ரோனே சூப்பு விற்பதுதான் தெக்லாவின் பிழைப்பு. படகின் நடுவே கரியடுப்பு, அதன்மேல் பெரிய பானை. அவரை, உருளை, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டியின் காய்ந்த தோல் எல்லாம் அதில் வெந்து குழைந்திருக்கும். கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும். அன்று காலை கரண்டி நின்றது. தெக்லாவால்தான் நிற்க முடியவில்லை.

விடியுமுன் மீன்பிடிக்கப் போன அவள் கணவன் ஜெரோலமோ திரும்பவில்லை. கடலைப் பனி மூடிவிட்டது. துறைவாய் பிடிபடாமல் சற்று விலகினாலும் பாறைதான்.

கோயில் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பனிக்குள் அது எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது.

"எங்கேருந்து அடிக்கிறாங்கன்னு நமக்கே தெரியலையே அண்ணி, அண்ணனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கொலம்பா.

மற்றச் சூப்புப் படகுகளும் துறைவாயில் கூடியிருந்தன. தெக்லா அடுப்புப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து இறங்கிய மெல்லிய காற்று அதைக் கடல் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது.

சட்டென்று பெஸ்டோ ஜாடியை எடுத்தாள். திருநீற்றுப்பச்சிலையும் பூண்டும் எண்ணெய் விட்டு இடித்த பச்சை விழுது. பானையை இறக்கி, கொதி அடங்கிய பிறகே அதைக் கலக்க வேண்டும். கொதியில் விழுந்தால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். அந்த ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கும் இது தெரியும்.

கொதிக்கும் பானையில் ஜாடியைக் கவிழ்த்தாள்.

"ஐயையோ அண்ணி! புத்தி கெட்டுப்போச்சா? அத்தனை மணமும் போயிடுமே!"

"போகட்டும்னுதான்டி போட்டேன். நீ அடுப்பை ஊது."

ஆவி எழுந்தது. தோட்டம் ஒன்று பெயர்ந்து கடல்மேல் நடந்து போவதுபோல் மணம் பனிக்குள் போயிற்று.

"இன்னிக்கு வெந்நீரா விக்கப்போறே, தெக்லா?" என்றான் பக்கத்துப் படகுக்காரன் பாசியோ. யாரும் சிரிக்கவில்லை. ஆவி போகும் திசையைப் பார்த்துவிட்டு அவனும் தன் ஜாடியைத் தன் பானையில் கவிழ்த்தான். பிறகு அடுத்த படகு, அதற்கடுத்தது.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மணிகூட ஓய்ந்திருந்தது. பனி அசையவில்லை.

அதற்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "எவடி அவ, கொதியில பெஸ்டோவைக் கொட்டினவ? ஊர் மானத்தையே வாங்கிட்டாளே!"

துடுப்புச் சத்தம். அப்புறம் படகின் மூக்கு. பாசியோ தொப்பியைக் கழற்றினான்.

"நீயா?" என்றான் ஜெரோலமோ. மீசையில் நீர் சொட்டியது.

"நான்தான்."

"திட்டிக்கிட்டே வந்தேன். எந்தப் பக்கம் போறேன்னு யோசிக்கவே இல்லை."

சொன்ன பிறகுதான் அவனுக்கே புரிந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

தெக்லா ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினாள். அதில் ஒரு துளி மணமும் இல்லை. அவ்வளவும் அவன் வந்த வழியில், பனிக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்த்தபடியே அவன் மெதுவாகக் குடித்தான்.