கறுப்புப் பற்பசை

எங்கள் அப்பா சன்னாசிக்கு அழகு என்று இருப்பது பல் மட்டும்தான். உமிக்கரியும் உப்பும் வைத்து, பொழுது விடியும்வரை தேய்ப்பார். மலாயாவில் சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்படிப்பட்ட பல் கணக்கெழுதும் ஆம்புரோஸ் கிராணிக்கும் உண்டு. அவர் தேய்ப்பது, ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடும்போது பங்களாவில் விட்டுப்போன ஒரு டப்பா பற்பசை. ஆபீஸ் வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, கடுகளவு எடுத்துத் தேய்ப்பார். அப்பாவுக்கு அதன்மேல் ஒரு கண்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. ஜப்பான் அதிகாரி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, மாடு வாங்குகிறவன் மாதிரி வாயைத் திறந்து பார்க்கிறான், பல் நன்றாக இருந்தால் லாரியில் ஏற்றுகிறான் என்று செய்தி வந்தது.

“இனிமே பல்லு வெளக்காதீங்க,” என்றாள் அம்மா.

“அதுக்குச் சயாமுக்கே போயிடலாம் முத்தாயி.”

“போங்க. போயி அங்க உள்ள பொணத்தப் பாத்துச் சிரிங்க.”

அப்பா விளக்குவதை நிறுத்தினார். பாழாய்ப்போன பல் வெள்ளையாகவே இருந்தது. மங்குஸ்தீன் பழத்தோல் சாற்றைப் பூசினால் சோறு தின்றதும் போய்விட்டது. வெற்றிலை போட்டால், அந்தச் சிவப்பில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கடைசியில் அம்மா ரப்பர் பாலில் அடுப்புக்கரியைக் குழைத்து, பல்லைத் துணியால் துடைத்துவிட்டுப் பூசினாள். அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் எல்லாம் சொத்தை. நாற்றம் வேறு.

“இதான் நல்ல பசை,” என்றாள் அம்மா. கூலி வீட்டு வரிசையான லயமே கொட்டாங்கச்சியோடு வந்து நின்றது.

லாரி வந்தது. அதிகாரி அப்பாவின் வாயைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தள்ளிவிட்டான்.

கிராணிக்குப் பொறுக்கவில்லை. “துவான், அது பூச்சு! கழுவினா அவன் பல்லும் என் பல்லு மாதிரிதான் இருக்கும், பாருங்க!” என்று மலாய் மொழியில் சொல்லி, ஈ என்று காட்டினார்.

அதிகாரிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. கிராணியின் பல்லை ஆசையோடு பார்த்தான். “பாகுஸ்!” என்று மெச்சி, முதுகில் தட்டி, லாரியைக் காட்டினான்.

“நான் கிராணி, துவான்! கிராணி!”

“கிராணி? பாகுஸ், பாகுஸ்!”

சயாமில் கணக்கெழுதவும் ஆள் தேவைப்பட்டதாம்.

மறுநாள் கிராணியின் மனைவி பெர்னதெத் எங்கள் லயத்துக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எப்போதும் “ஏய் முத்தாயி” என்பவள், “அக்கா,” என்றாள். கையில் அந்தப் பற்பசை டப்பா.

“இத நீங்க வச்சிக்குங்க. அந்தக் கறுப்புல கொஞ்சம் குடுங்க. என் தம்பி ஆரோக்கியநாதனாச்சும் மிஞ்சட்டும்.”

அம்மா ஒரு கொட்டாங்கச்சி நிறைய வழித்துக் கொடுத்தாள். “ஈரம் இல்லாமத் தொடச்சிட்டுப் பூசச் சொல்லுங்க, கிராணியம்மா. தெனமும் பூசணும். லாரி சொல்லிக்கிட்டா வருது?”

அவள் போனபிறகு, அப்பா பற்பசையின் மூடியைத் திறந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார். விரலில் கொஞ்சம் எடுத்தார். எடுத்ததை உள்ளேயே வழித்துவிட்டு மூடினார். அத்தாப்பு ஓலைக் கூரையில் செருகி வைத்தார்.

“சண்டை முடியட்டும்,” என்றார், பல் முழுக்கக் கறுப்பாகச் சிரித்துக்கொண்டு.